குடியும் கூலியும்: வவுனியா நகரின் வாடகை வீடுகள் பற்றிய ஒரு நோக்கு

1

வாடகை வீடு பற்றிய பேச்சு எங்கும் ஒரே முறைப்பாட்டுடனேயே தொடங்குகின்றது: வீடு கிடைப்பதில்லை, கிடைத்தால் வாடகை கட்டுப்படியாவதில்லை. வவுனியாவுக்கு இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர், பம்பைமடுவிலுள்ள பல்கலைக்கழகத்திற்கு வரும் மாணவர், நோயாளி ஒருவரைப் பராமரிக்க முல்லைத்தீவிலிருந்து வந்து வைத்தியசாலைக்கு அண்மையில் தங்க விரும்பும் குடும்பத்தினர் ஆகிய யாவரும் இதனையே கூறுவர். முறைப்பாடு உண்மையானது. ஆயினும், வீடுகள் குறைவு, ஆட்கள் அதிகம், ஆதலால் வாடகை உயர்ந்தது என்ற அளவில் விளக்கத்தை முடித்துக்கொள்வது, உடல் சுடுவதால் காய்ச்சல் வந்தது என்று கூறுவதை ஒக்கும். வீடு தேடுவோர் யாவர், அவர்கள் எவ்வாறு அந்நிலைக்கு வந்தனர், வீட்டை உடைமையாக வைத்திருப்போர் யாவர், அவ்வுடைமையைச் சட்டம் எவ்வாறு காக்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை காணும்பொழுதே பிரச்சினையின் வேர் புலப்படும். வவுனியாவின் வாடகைப் பிரச்சினை என்பது வன்னியின் காணிப் பிரச்சினை நகரத்தில் எடுத்துள்ள வடிவமே என்பது இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

சொற்களிலிருந்து தொடங்குவது இலக்கிய மாணவர்க்கு இயல்பு. இன்று நாம் வழங்கும் ‘வாடகை’ வடமொழிவழி வந்த சொல். அதே பொருளில் ‘குடிக்கூலி’ என்றொரு சொல்லும் தமிழில் வழங்கி வந்துள்ளது. குடியிருப்பதற்காகக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். உழைப்பவர் பெறுவதும் கூலி, வீட்டுக்காரர் பெறுவதும் கூலி. மொழி இரண்டினையும் ஒரு சொல்லாற் சுட்டினும் பொருளியல் அடிப்படையில் இரண்டும் ஒன்றாகா. முன்னையது உழைப்புச் சக்தியின் விலை. பின்னையது, பூமியில் ஓர் இடத்தின் மீது ஒருவருக்குள்ள தனியுரிமைக்காக, அவ்வுழைப்பின் விலையிலிருந்து மாதந்தோறும் பகிர்ந்தெடுக்கப்படும் பங்கு. ஒரு கூலி மற்றொரு கூலியை உண்டு வாழ்கின்றது எனலாம்.

‘குடி’ என்னும் வேர்ச்சொல்லிலிருந்து குடியிருப்பு, குடியேற்றம், குடிபெயர்வு, குடியுரிமை ஆகிய சொற்கள் தோன்றியுள்ளன. கடந்த ஒரு நூற்றாண்டுக்கால வவுனியாவின் சமூக வரலாற்றினை இந்நான்கு சொற்களின் வரலாறாகவே எழுதிவிடலாம். வாடகை வீட்டில் வாழ்பவர் இந்நான்கும் சந்திக்கும் புள்ளியில் நிற்பவர்.

2

வவுனியா நகரத்தின் வாடகை முகவரிகளை ஒருமுறை வாசித்துப் பார்த்தல் பயன் தரும். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், கோவில்குளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு குளத்தின் பெயர். குளம், அதன் கீழ் வயல், வயலை அடுத்துக் குடிமனைகள், சுற்றிலும் காடு என்பதே வன்னிக் கிராமத்தின் அமைப்பாகும். அவ்வமைப்பில் வீடு வாடகைக்குரிய பண்டமாக இருக்கவில்லை. காட்டுத்தடியும் மண்ணுங் கொண்டு வீட்டாரும் அயலாரும் சேர்ந்தெழுப்பி, கிடுகாலோ வைக்கோலாலோ வேய்ந்துகொண்ட பயன்பாட்டுப் பொருளாகவே அது இருந்தது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) நாவலில் நாம் காணும் வாழ்வும் காட்டோடும் வயலோடும் பிணைந்த இத்தகைய வாழ்வே. குளத்தின் பெயர் தபால் முகவரியாக மாறிய வரலாறு, வீடு பயன்பெறுமதியிலிருந்து பரிமாற்றப் பெறுமதிக்கு மாறிய வரலாறுமாகும்.

இம்மாற்றத்தின் தொடக்கத்தைக் காலனித்துவச் சட்டங்களிற் காணலாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காட்டையும் தரிசு நிலத்தையும் அரசின் உடைமையெனக் கொள்ள வழிசெய்தது. சேனைப்பயிர்ச் செய்கையில் நிலத்தை ஆண்டுக்காண்டு மாற்றிக்கொண்டு வாழ்ந்த வன்னி மக்களுக்கு இதன் விளைவு பாரதூரமானது. தாம் புழங்கிய நிலத்தின் பெரும்பகுதிக்கு அவர்களிடம் உறுதி இருக்கவில்லை; உறுதி இல்லாத நிலம் அரசின் நிலமாயிற்று. பின்னர், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்நிலம் அனுமதிப்பத்திரம் மூலம் குடியானவர்க்குப் பகிரப்பட்டது. பெற்றவர் அதனைத் தம் விருப்பப்படி விற்கவோ, துண்டாடவோ, குத்தகைக்கு விடவோ முடியாது. கந்துவட்டிக்காரரிடமிருந்து குடியானவரைக் காக்கும் நோக்கமுடைய இந்த ஏற்பாடு, நகரம் விரிவடைந்து வயற்கரையைத் தொட்ட காலத்தில் வேறொரு விளைவை ஏற்படுத்தியதை மேலே காண்போம்.

1905ஆம் ஆண்டளவில் காங்கேசன்துறை வரையிலான புகையிரதப் பாதை நிறைவுற்றது. கச்சேரியும் புகையிரத நிலையமும் கண்டி வீதியின் கடைகளுமாக ஒரு சிறு நகர் உருவாயிற்று. அக்காலத்து வாடகைக் குடியிருப்பாளர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞரும் ஆசிரியருமே. மலேரியாவுக்கு அஞ்சிய அவர்கள் வன்னி மாற்றத்தை ஒரு தண்டனையாகக் கருதினர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்து அறையொன்றில் ஒதுங்கினர். ஊரில் வீடுள்ளவர் வெளியூரிற் பெறும் தற்காலிகத் தங்கலே அன்றைய வாடகை. வீடற்றவரின் நிலையான வாழ்வாக அது மாறியது பிற்காலத்திலாகும்.

3

அம்மாற்றத்தை நிகழ்த்தியது இயல்பான நகர வளர்ச்சி அன்று; அடுத்தடுத்து நிகழ்ந்த இடப்பெயர்வுகளே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையகத் தமிழ்த் தொழிலாளர், 1958ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னரும், 1970களின் நடுப்பகுதியிலே தோட்டங்களில் நிலவிய பட்டினிக் காலத்திலும், 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களை அடுத்தும் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். வவுனியாவை நிலையாகக் கொண்டியங்கிய காந்தீயம் அமைப்பு அவர்களுட் பலரைப் பண்ணைகளிற் குடியமர்த்தியது. ஏனையோர் குளக்கரைகளிலும் காட்டோரங்களிலும் ஆவணமின்றிக் குடிசை அமைத்து, பிறர் வயலில் நாட்கூலி செய்தனர்.

1990இல் போர் மீண்டும் மூண்டபொழுது வடக்கு நோக்கிய புகையிரதச் சேவை வவுனியாவுடன் நின்றது. அன்று முதல் இரண்டு தசாப்தங்களுக்கு இந்நகர் பாதையின் கடைசி நிலையமாகவும், இரு ஆட்சிப் பிரதேசங்களுக்கிடையிலான வாயிலாகவும் விளங்கியது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு இடம்பெயர்ந்தோரிற் பலர் 1996க்குப் பின் வவுனியாவை வந்தடைந்தனர். பூந்தோட்டம், சிதம்பரபுரம் முதலிய முகாம்கள் நிரம்பின. முகாமுக்கு வெளியே தங்குவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் பெறுவதற்குப் பிணை நிற்பவர் வேண்டும். நாட்பாஸ், வாரப்பாஸ், மாதப்பாஸ் எனப் பாஸ்கள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. பாஸின் காலம் எவ்வளவோ அவ்வளவே வாடகையின் காலமுமாயிற்று. வீட்டுக்காரர் தம் வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிசிற் பதிய வேண்டியிருந்தமையால், வீட்டை வாடகைக்கு விடுதல் என்பது ஒருவருக்காகப் பொறுப்பேற்பதாகவும் அமைந்தது. சிதம்பரபுரம் முகாம்வாசி ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், பாஸ் நடைமுறை நடமாட்டச் சுதந்திரத்தை மீறுவதென 2002இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. பாஸ் ஒழிந்தது. ஆனால், வாடகைக்கு வருபவர் யார் என்று ஐயத்தோடு நோக்கும் வழக்கம் அதனோடு ஒழியவில்லை.

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் பணித்ததை அடுத்து, அங்கியங்கிய பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வவுனியாவுக்கு வந்தன. அலுவலகங்களுக்கும் உத்தியோகத்தர் விடுதிகளுக்குமென நல்ல வீடுகளை அவை எடுத்துக்கொண்டன. அந்நிறுவனங்கள் கொடுக்கத்தக்க வாடகை ஓர் ஆசிரியரின் சம்பளத்தோடு வைத்து எண்ணத்தக்கதன்று. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டனர்; மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ஊர் திரும்பியோர் பலர்; திரும்பிய ஊரில் தொழிலோ பள்ளியோ பாதுகாப்போ இல்லாமையால் நகரத்திலேயே அறை எடுத்துத் தங்கியோரும் பலர். வவுனியா மாவட்டத்தின் மக்கள்தொகை 1981இல் ஏறத்தாழ 95,000 ஆகவும் 2012இல் ஏறத்தாழ 172,000 ஆகவும் இருந்தமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். வவுனியாவின் வாடகைச் சந்தையில் ‘தேவை’ என்று பொருளியலாளர் குறிப்பிடுவது, நிலத்திலிருந்து பிடுங்கப்பட்ட மக்களையே.

இவர்களோடு மாணவரும் சேர்ந்தனர். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கியது, 2021 ஆகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்தியங்குகின்றது. விடுதியில் இடம் பெறாத மாணவருக்காக வீடுகளின் பின்னறைகள் போர்டிங் ஆயின. ஒரு குடும்பம் தரும் வாடகையிலும், ஓர் அறைக்கு நால்வராகத் தங்கும் மாணவரின் தலைக்கணக்கு வாடகை கூடுதல் என்பதை வீட்டுக்காரர் விரைவிற் கண்டுகொண்டனர்.

4

வாடகைக்கு இருப்போரைக் காக்கச் சட்டமே இல்லையா என்ற வினா இங்கெழும். உண்டு. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும், வாடகைக்கு உச்ச அளவை விதித்துக் குடியெழுப்புதலைக் கட்டுப்படுத்தின. பிணக்குகளைத் தீர்க்க வாடகைச் சபைகள் அமைந்தன. ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராயிருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பீற்றர் கெனமன் கொண்டுவந்த 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகையை வரையறுத்து, மிகுதியை அங்கு வாடகைக்கு இருந்தோரே வாங்கிக்கொள்ள வழிவகுத்தது. நாட்டின் வாடகைக் குடியிருப்பாளர் பெற்ற மிகப் பெரிய வெற்றி இதுவெனத் தயக்கமின்றிக் கூறலாம். எனினும் அதற்கோர் எல்லை இருந்தது. தனியார் வாடகைக்கெனக் கட்டுதல் குறைந்தபொழுது, அவ்விடத்தை நிரப்பத்தக்க அளவு அரசு கட்டவில்லை. இருந்த வீடுகள் பங்கிடப்பட்டன. இல்லாத வீடுகள் இல்லாமலே இருந்தன.

1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்துடன் காற்று எதிர்த்திசையில் வீசலாயிற்று. 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அதன்பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்படும் குடியிருப்புகளையும், 1980 தொடக்கத்தில் உரிமையாளர் குடியிருந்து பின்னர் வாடகைக்கு விட்டவற்றையும் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. பழைய குடியிருப்பாளரின் பாதுகாப்பு நீடித்தது; புதிதாக வருவோருக்கு அது இல்லாமற் போயிற்று. கொழும்பிலோ கண்டியிலோ பழைய பாதுகாப்பினால் நீண்ட காலம் பயன்பெற்றோர் உளர். வவுனியாவோ 1990க்குப் பின்னரே பெருநகராக வளர்ந்தது. இன்று அந்நகரில் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை 1980க்குப் பின் எழுந்தவை. சட்டத்தின் நிழல் நீங்கிய பின்னரே வவுனியா வாடகை நகராயிற்று.

அவ்வாறாயின், எஞ்சியிருப்பது ஒப்பந்தம் மட்டுமே. அதன் நிலை யாது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். வாய்ச்சொல்லால் ஏற்படும் வாடகை மாத வாடகையே. ஒரு மாத அறிவித்தலுடன் அதனை முடிவுறுத்தலாம். நகரின் வாடகைகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே நிலைபெறுகின்றன. நொத்தாரிசிடம் செல்ல இருதரப்பாரும் விரும்புவதில்லை என்பது ஒரு காரணம். செல்ல விரும்பினும் பலராற் செல்ல இயலாது என்பது மற்றொரு காரணம்: நகரத்தின் விளிம்பிலுள்ள காணிகள் பல அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை அதிகாரியின் சம்மதமின்றிக் குத்தகைக்கு விடுதல் நிபந்தனைக்கு மாறானது. நடைமுறையில் உள்ளதை எழுத்திற் காட்ட இயலாத வீட்டுக்காரரும், எழுத்தில்லாமையால் உரிமை காட்ட இயலாத குடியிருப்பாளரும் ஒருவரையொருவர் நம்பியும் அஞ்சியும் வாழ்கின்றனர். 1840ஆம் ஆண்டின் ஒரு சட்டம் நிலத்தை அரசுக்கு ஆக்கியது; அதே ஆண்டின் மற்றொரு சட்டம் எழுதப்படாத குடியிருப்பை ஒரு மாதத்துக்கு உரியதாக்கியது. இவ்விரண்டுக்கும் இடையிலேயே வவுனியாவின் வாடகை வீடு நிற்கின்றது.

5

இனி முற்பணம் பற்றி நோக்குவோம். ஆறு மாத வாடகையையோ ஓராண்டு வாடகையையோ முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுதல் வழக்கமாகிவிட்டது. சில இடங்களில் அது மாதந்தோறும் கழிக்கப்படும். சில இடங்களில் வீடு விடும்வரை வீட்டுக்காரரிடமே தங்கும். பின்னையதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாத வாடகை 20,000 ரூபா எனவும், முற்பணம் ஓராண்டுக்கு 240,000 ரூபா எனவும் கொள்வோம். அப்பணத்தைக் குடியிருப்பாளர் நகை அடகு வைத்து நூற்றுக்கு 18 வட்டியில் பெற்றாராயின், ஆண்டு வட்டி 43,200 ரூபா. மாதத்துக்கு 3,600 ரூபா. எனவே அவர் உண்மையிற் கொடுக்கும் வாடகை 23,600 ரூபாவாகும். மிகுதி 3,600 ரூபாவை எந்தப் பற்றுச்சீட்டிலும் காண இயலாது.

யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமாகிய தேசவழமையை அறிந்தோர்க்கு இங்கு ஓர் ஒப்புமை தோன்றும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த அவ்வழமையில் ஒற்றி முக்கிய இடம் பெறுகின்றது. ஒற்றியில், பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனைப் பெறுவர். காணிக்காரர் பணத்தைத் திருப்பும் நாளில் காணி மீளும். பணத்தின் வட்டியும் நிலத்தின் விளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. வாடகை முற்பணத்திலோ, பணம் கொடுத்தவர் வட்டியையும் இழக்கின்றார், இடத்தின் பயனுக்குத் தனியே வாடகையும் செலுத்துகின்றார். நிலவுடைமைச் சமுதாயத்தின் கடனுறவு கொண்டிருந்த ஈட்டைக்கூட நகரத்தின் பண உறவு கொண்டிருக்கவில்லை. மேலும், அவர் கொடுத்தது பன்னிரண்டு மாதப் பணம். சட்டப்படி அவருக்குள்ள உரிமை ஒரு மாதத்துக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அவ்வாண்டில் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டக் கேட்டபொழுது, மறுப்பதற்கு வாய்ச்சொல் ஒப்பந்தக்காரரிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. முன்னர் கொடுத்திருந்த முற்பணத்தின் பெறுமதியும் கரைந்துபோயிற்று.

6

பணம் மட்டும் இருந்தால் வீடு கிடைத்துவிடும் என்பதுமில்லை. வீடு பார்க்கச் செல்வோர் எதிர்கொள்ளும் முதற் கேள்வி வாடகை பற்றியதன்று. “நீங்கள் எவடம்?” என்பதே அது. ஊரைக் கேட்பதுபோல் தோன்றும் இவ்வினா சாதியை அறியும் வினா என்பதை ஈழத்துத் தமிழ்ச் சமுதாயத்தில் வாழ்ந்தோர் அறிவர். சந்தை உறவுகள் வளரச் சாதி தேயும் என்று எதிர்பார்த்தோர் உண்டு. வாடகையில் அது தேயாமைக்குப் பொருளியற் காரணமும் உண்டு. வவுனியாவில் வாடகைக்கு விடப்படுவது பெரும்பாலும் தனி வீடன்று. வீட்டுக்காரர் வாழும் வளவுக்குள் ஒட்டிக் கட்டிய அனெக்ஸ். கிணறு ஒன்று, படலை ஒன்று. தண்ணீர் அள்ளுமிடம் பொதுவாக இருக்கும் வரை, தீட்டுப் பற்றிய பழைய கருத்து, பண்டமாற்றின் நடுவில் ஒரு காவலாளி போல் நின்றுவிடுகின்றது. ‘எவடம்’ என்ற அவ்வினா மலையகத்தவரை வேறோர் அளவுகோலாலும் அளக்கின்றது. போரிற் கணவரை இழந்து பிள்ளைகளோடு வாழும் பெண், புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாட் போராளி ஆகியோரிடம் கேட்கப்படும் மேலதிக வினாக்களும் உண்டு. இவ்வாறு விலக்கப்படுவோருக்கு எஞ்சுவன தண்ணீர் வசதியற்ற, மழைக்கு ஒழுகும், நகரத்திலிருந்து தொலைவான வீடுகள். தெரிவு குறைந்தவரிடம் பேரம் பேசும் வலு குறையும். ஆதலால், தரங் குறைந்த வீட்டுக்கு அவர்கள் ஒப்பளவிற் கூடிய வாடகை கொடுக்கின்றனர். சாதியும் பால்நிலையும் வாடகையின் அளவையே நிர்ணயிக்கும் காரணிகளாகின்றன.

7

இவற்றை வைத்து வீட்டுக்காரரை ஒரு சுரண்டும் வர்க்கமாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் அது பிழை. 1872–73இல் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ என்னும் கட்டுரைத் தொடரில் ஏங்கெல்ஸ், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பாளருக்குமுள்ள உறவைத் தொழிலாளி–முதலாளி உறவாகக் கொள்ளும் கருத்தை மறுத்தார். அங்கு புதிய பெறுமதி எதுவும் உற்பத்தியாவதில்லை. முன்னரே உற்பத்தியான பெறுமதியின் ஒரு பங்கே கைமாறுகின்றது என்பது அவர் வாதம். வவுனியாவின் வீட்டுக்காரரிற் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர், சிறு உத்தியோகத்தர், வெளிநாட்டிலுள்ள மகனோ சகோதரியோ அனுப்பிய பணத்தில் வீட்டைக் கட்டி அதன் ஒரு பகுதியை விட்டு வாழும் முதியோர். அனுப்பப்பட்ட பணமும் ஐரோப்பிய நகரமொன்றின் உணவகத்தில் அல்லது தொழிற்சாலையில் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த கூலியே. அப்பணம் தொழில் முதலீடாக மாற வாய்ப்பற்ற ஒரு பிரதேசத்தில் காணியிலும் சீமெந்திலும் சென்று தங்குகின்றது. காணி விலை ஏறுகின்றது. உள்ளூர்க் கூலியை நம்பி வாழ்பவர் காணி வாங்கும் எண்ணத்தையே கைவிடுகின்றார். மக்கள்தொகைப் பெருக்கமே மனையடி நிலத்தின் வாரத்தை உயர்த்தும், உடைமையாளர் கைகட்டி இருந்தாலும் அப்பயன் அவரைச் சேரும் என்று ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் காட்டிய இயக்கத்தை, போரினாற் பெருகிய ஒரு நகரத்தில் நாம் காண்கிறோம்.

சொந்த வீடு கட்டிக் கொடுப்பதால் இதனைத் தீர்க்கலாம் என்பது ஆட்சியாளரின் விடை. 1978இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத் திட்டமும், 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் அவ்வழி வந்தவை. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளுக்கானது. வடக்குக் கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா மானியமாக வழங்கியது. ஓலைக் கொட்டிலில் இருந்த பல்லாயிரம் குடும்பங்கள் அதனாற் கல்வீடு பெற்றன. அதனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும், இத்திட்டங்கள் யாவும் பயனாளியிடம் காணி இருப்பதாகக் கொண்டே தொடங்குகின்றன. காணிக்கு ஆவணமில்லாதவர், பிறர் காணியில் இருப்பவர், வாடகைக்கு இருப்பவர் ஆகியோர் பட்டியலின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். காணி உள்ளவருக்கு வீடு கிடைத்தது. காணி இல்லாதவர் வாடகைக்குச் சென்றார். இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் முன்வைத்த கருத்துக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, செய்யத்தக்கன சிலவற்றை வரிசைப்படுத்துதல் அவசியமாகின்றது. எழுத்து மூலமான எளிய வாடகை ஒப்பந்தத்தை, நொத்தாரிசுச் செலவின்றி, பிரதேச செயலகத்திற் பதிவுசெய்ய வழி வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியிலுள்ள வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுதலையும் அது உள்ளடக்க வேண்டும். முற்பணத்துக்கு உச்ச அளவு விதித்து, 1980க்குப் பின் எழுந்த வீடுகளுக்கும் அதனைப் பொருத்த வேண்டும். பல்கலைக்கழகம் மாணவரை அனுமதிக்கும் தொகைக்கேற்ப விடுதிகளைக் கட்டுதல் வேண்டும். ஒவ்வொரு விடுதிக் கட்டிலும் நகரத்தில் ஒரு குடும்பத்தின் மீதுள்ள வாடகை அழுத்தத்தைக் குறைக்கும். உள்ளூராட்சி அமைப்புகள் தம் காணியில் வாடகைக் குடியிருப்புகளை எழுப்பி, தனிக் கிணறும் தனி மலசலகூடமும் அமைத்து, எவடம் என்று கேளாமல் வழங்குதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, தலைமுறைகளாகக் குளக்கரைகளிற் குடியிருந்தும் ஆவணமற்றிருக்கும் மக்களுக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் காணியுரிமை வழங்கப்படல் வேண்டும்.

இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல என்பதை நாம் அறிவோம். காணி பண்டமாக இருக்கும் வரை குடிக்கூலியும் இருக்கும். ஆனால், வீட்டுக்காரரும் குடியிருப்பாளரும் ஒரே வளவில், ஒரே கிணற்றடியில், ஒருவரையொருவர் காரணமெனக் கருதிக் கசந்து வாழும் நிலையில், இருவரையும் அந்நிலைக்குக் கொணர்ந்த காணியுறவுகளைச் சுட்டிக்காட்டுவது ஆராய்ச்சியின் கடமையாகும். கோரிக்கையைக் கூட்டாக எழுப்புவதற்கு, தாம் தனித்தனியே துரதிர்ஷ்டசாலிகள் அல்லர், ஒரே வரலாற்றின் பங்காளிகள் என்பதை வாடகை வீட்டில் வாழ்வோர் உணர வேண்டியிருக்கின்றது.